ஏ.ஏ. மீட்டிங்: காசு வாங்காத ஒரு சேவையின் நிறையும் குறையும்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., மீட்டிங்குகள் சென்னையில் பெரும்பாலும் மாலை ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்கி எட்டு, எட்டரைக்குள் முடிகின்றன. குடிப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கடத்திவிடுவதுதான் மீட்டிங் செய்யும் முதல் வேலை. படி, பிரார்த்தனை, தத்துவம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது 1935இல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில். வியாபாரம் கைகூடாமல் ஓட்டல் வரவேற்பறையில் நின்றிருந்த பில் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், பக்கத்தில் கேட்ட பாரின் சத்தத்துக்குப் போகாமல் அங்கிருந்த போனை எடுத்தார். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து, இந்த ஊரில் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதிதான் ஏ.ஏ.வின் பிறந்தநாள். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. ஒரு போன் அழைப்பில் பிறந்த அமைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அதுவே சாவி.

தேடும்போதே முதல் சறுக்கல் வரும். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். போனை எடுப்பவர் "ஆமா சார், ஏ.ஏ. எங்க சென்டர்லயே நடக்குது" என்பார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பல மையங்களுக்குள் மீட்டிங் நடப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்பது மீட்டிங், அவர் விற்பது அட்மிஷன். "எவ்வளவு ஆகும்?" என்ற ஒரு கேள்வியில் வேறுபாடு தெரிந்துவிடும். தொகை சொன்னால் அது ஏ.ஏ. அல்ல. "வண்டி அனுப்புறோம், ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம்" என்றால் போனை வைத்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டத்தின்படி, உள்நோயாளியாகச் சேர்க்கும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் யாரையும் ஒப்படைக்க வேண்டாம்.

நம்பகமான வழிகள் வேறு. ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது, அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் உண்டு. அழைத்தால் பேசுபவர் சம்பள ஊழியராக இருக்க மாட்டார், பெரும்பாலும் குடியை நிறுத்திய ஒரு மெம்பர்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளரைக் கேட்டால் அந்த வட்டாரத்து மீட்டிங் விவரம் சொல்வார். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை போன்ற பழைய சிகிச்சை இடங்களிலும் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பில் அன்றன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில், உபன்யாசங்களுக்கும் கச்சேரிகளுக்கும் நடுவே ஏ.ஏ. மீட்டிங் எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்பு ஒரு வரி வரும். எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு வரியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்தன.

தொடர்பு எண் கிடைத்தால் ஐந்து விவரம் கேளுங்கள்: என்ன கிழமை, எத்தனை மணி, தமிழா ஆங்கிலமா, யாரும் வரக்கூடிய ஓப்பன் மீட்டிங்கா குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமான குளோஸ்டு மீட்டிங்கா, எந்த கேட் வழியாக எந்த அறை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல மீட்டிங்குகள் பள்ளி வகுப்பறையிலும் சர்ச் வளாகத்துப் பின்னறையிலும் நடக்கின்றன. மாலையில் பெரிய கேட் பூட்டியிருக்கும். இருட்டில் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் மறுபடி வர மாதங்கள் ஆகும், சிலர் வரவே மாட்டார்கள். பரீட்சைக் காலத்திலும் பண்டிகை நாட்களிலும் அறை மாறும், இணையப் பட்டியலில் அது ஏறியிருக்காது. அதனால் போகிற அன்று மதியம் மறுபடி ஒரு போன் செய்யுங்கள். பெயர்ப்பலகை சின்னதாக, வட்டத்துக்குள் முக்கோணம் போட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாட்ச்மேனிடம் "ஏ.ஏ. மீட்டிங் எங்கண்ணே?" என்றால் கை காட்டுவார். அவர் தினமும் பார்ப்பதுதான்.

சர்ச் வளாகம் என்றதும் இது மதமாற்றக் கூட்டமோ என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். மாலையில் குறைந்த வாடகைக்கு அறை தர முன்வருவது அவர்கள் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்தது அல்ல. வெளியாரிடமிருந்து நன்கொடையும் வாங்குவதில்லை. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

மீட்டிங்குக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீட்டிங் குடியிலிருந்து விலகி நிற்க உதவும். உடம்பிலிருந்து குடியை இறக்கும் வேலை அதனுடையது அல்ல, அது டாக்டர் வேலை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதிலிருந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பித்தால் அது உயிர் போகக்கூடிய நிலை. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை இழக்கிறார்கள். நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆளை நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு மீட்டிங்.

முதல் நாள் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவரிடம் "புதுசா வந்திருக்கேன்" என்றால் போதும். பெயர் கேட்பார், முதல் பெயர் மட்டும். என்ன வேலை, எந்த ஊர், யார் பையன் என்றெல்லாம் கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மேசையில் தமிழில் அச்சிட்ட சிறு பிரசுரங்கள் இருக்கும், சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளும், குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு மரபுகளும் தொங்கும். கொஞ்ச நேரம் அமைதி, மன அமைதிக்கான ஒரு சிறு வேண்டுதல், ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு வாசிப்பு. பிறகு தலைமை தாங்குபவர் ஒவ்வொருவராகப் பேச அழைப்பார். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஐந்து, பத்து நிமிடம் பேசுவார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது பேச மனமில்லையென்றால் "இன்னிக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். குடித்துவிட்டு வந்தவரையும் பொதுவாக வெளியே அனுப்புவதில்லை. அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.

நடுவில் ஒரு பை சுற்றி வரும். மெம்பர்கள் பத்து, இருபது போடுவார்கள். வாடகைக்கும் டீக்கும் பிரசுரத்துக்கும் அந்தக் காசுதான். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. பை நெருங்கும்போது சட்டைப்பையைத் தடவிச் சங்கடப்படாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம்.

முடிவில் எல்லோரும் எழுந்து நின்று மறுபடி வேண்டுதல் சொல்வார்கள். பெரும்பாலான புதியவர்கள் அந்த இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுகிறார்கள். தவறு நடப்பது அங்கேதான். ஏ.ஏ.வின் பாதி மதிப்பு மீட்டிங் முடிந்த பிறகு வரும் கால் மணி நேரத்தில் இருக்கிறது. டீ வரும். நாற்காலி அடுக்குவார்கள். அப்போது யாராவது ஒருவர் வந்து பிரசுரத்தின் பின்பக்கம் தன் நம்பரை எழுதிக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள், குறைந்தது மூன்று பேரிடம். ஏன் மூன்று என்றால், குடிக்கத் தோன்றும் நேரத்தில் ஒருவர் பைக்கில் போய்க்கொண்டிருப்பார், இன்னொருவர் தூங்கிவிட்டிருப்பார். நாற்காலி அடுக்க ஒரு கை கொடுங்கள். பத்து நாற்காலியைத் தூக்கி வைத்த ஆளுக்கு அடுத்த வாரம் அந்த இடம் அந்நியமாக இருக்காது.

முதல் மீட்டிங்கை வைத்து ஏ.ஏ.வையே எடைபோட வேண்டாம். குழுவுக்குக் குழு முகம் மாறும். ஒன்றில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவார்கள். இன்னொன்றில் பெயின்டரும் ஆட்டோக்காரரும் மெட்ராஸ் தமிழில் போட்டு உடைப்பார்கள். மூன்று வெவ்வேறு குழுக்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றைச் சொந்தக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் தமிழ்க் குழுவையே சொல்வோம். அம்மாவின் தாலியை அடகு வைத்த கதையை மனிதர் தன் தாய்மொழியில்தான் மறைக்காமல் சொல்ல முடியும். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இரண்டு ஸ்டாப்பிங் தள்ளியுள்ள மீட்டிங்குக்குப் போங்கள். அங்கேயே தெரிந்தவர் இருந்தால், அவர் வந்திருப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

தொடக்கத்தில் 90 நாளில் 90 மீட்டிங் என்று பழைய மெம்பர்கள் சொல்வார்கள். சென்னையில் தினமும் எங்காவது ஒரு மீட்டிங் நடப்பதால் இது முடியும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும் சிறு ஊரில் முடியாது. மீதி நாட்களை ஜூம் மீட்டிங்கால் நிரப்பலாம். கொரோனாவுக்குப் பிறகு தமிழிலேயே பல வந்துவிட்டன. நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கும், ஊர்வாய்க்குப் பயந்து வெளியே வர முடியாத பெண்களுக்கும் அது பெரிய கொடை. ஆனால் ஆன்லைன் மட்டுமே என்றால் டீயும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே மீட்டிங் கேட்பது நடக்காத காரியம் அல்ல.

ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஒரு ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து படிகளில் வழிகாட்டும் பழைய மெம்பர் வேண்டும். குறைந்தது ஒரு வருடமாகக் குடிக்காதவர், தானே படிகளைச் செய்தவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மேலதிகாரியோ சொந்தக்காரரோ ஆகாது. அவரிடம் கடன் கேட்காதீர்கள், அவருக்குக் கடன் கொடுக்கவும் வேண்டாம். பணம் புகுந்த இடத்தில் போன் நின்றுவிடும். தேர்ந்தெடுக்க வழி எளிது: மீட்டிங்கில் யார் பேசும்போது உங்கள் கதையை அவர் சொல்வதுபோல இருந்ததோ, அவரைக் கேளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிகளில் கடவுள் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று விளக்கம் இருந்தாலும், பெரியார் வழியில் வந்த ஒருவருக்கு அது தொண்டையில் சிக்கும். குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். அப்படியும் ஒட்டவில்லையென்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற கடவுள் பேச்சு இல்லாத முறைகள் இணையத்தில் உண்டு, ஆனால் தமிழில் நேரில் உட்கார இடம் கிடைப்பது கடினம்.

இதைவிடப் பெரிய குறை, சில பழைய மெம்பர்கள் டாக்டராகிவிடுவது. "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்திடு தம்பி" என்று சொல்லி, மனச்சோர்வுக்கான மாத்திரையை நிறுத்தவைத்து ஆளை ஆபத்தில் தள்ளியிருக்கிறார்கள். மெம்பர் யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலைப்பாடு. அப்படிச் சொல்பவர் ஸ்பான்சராக இருந்தால் மாற்றிவிடுங்கள். பெண்கள் குறைவாக இருக்கும் மீட்டிங்குகளில் புதிதாக வந்த பெண்ணிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டுபவர்கள் உண்டு. இதற்குப் பதின்மூன்றாவது படி என்று உள்ளேயே பெயர் வைத்துக் கண்டிக்கிறார்கள். பெண்கள் முதலில் மகளிர் மீட்டிங்கையோ ஜூமையோ கேட்டுப் பார்ப்பதும், நம்பரைப் பெண் மெம்பர்களிடம் மட்டும் வாங்குவதும் நல்லது.

இது பலன் தருகிறதா என்று கேட்பது நியாயம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று 2020இல் வந்தது. அது 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டது. ஏ.ஏ.வோடும் அதனுடன் இணைக்கும் பன்னிரண்டு படி சிகிச்சையோடும் சேர்ந்தவர்களில் 100க்கு 42 பேர் ஒரு வருடம் கழித்தும் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் வழுக்கினார்கள். வழுக்கியவரை ஏ.ஏ. பெயர் வெட்டி அனுப்புவதில்லை, ஏனென்றால் அங்கே பெயர்ப்பட்டியலே இல்லை. மறுநாள் வந்து முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்ற தனிக் குழு 1951 முதல் இருக்கிறது. கணவர் குடியை நிறுத்தாவிட்டாலும் மனைவியோ அம்மாவோ போகலாம். ஏ.ஏ. மெம்பர்கள் குடிக்காமல் ஒரு வருடம் முடித்ததைப் பிறந்தநாள் என்று கொண்டாடுவார்கள். அந்த ஓப்பன் மீட்டிங்கில் குடும்பமும் வரும். பார்க்க வேண்டிய மீட்டிங் அது, முதல் தடவை வீட்டாரைக் கூட்டிப்போக அதைவிட நல்ல நாள் இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் வரும் பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. மதுவை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை டாக்டர் எழுதி, குடிப்பவர் சம்மதித்துத் தெரிந்தே சாப்பிட வேண்டும்.

கோயிலில் கயிறு கட்டியும், சபரிமலைக்கு மாலை போட்டும் ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தவர்கள் இங்கே ஏராளம். மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போனவர்களும் ஏராளம். விரதத்துக்கு முடியும் தேதி உண்டு, ஏ.ஏ.வில் கணக்கு இன்றைக்கு மட்டும்தான். ஆனாலும் ஆபத்தான நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். சம்பள நாள், தீபாவளி போனஸ் நாள், மச்சான் கல்யாணத்துக்கு முந்தின இரவு, துட்டி வீடு. அக்டோபர் 2, ஆகஸ்ட் 15 போன்ற கடை மூடும் நாட்களைவிட, எல்லோரும் வாங்கிப் பதுக்கும் அதற்கு முந்தின மாலைதான் மோசம். அந்த மாலைகளில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். பசியும் கோபமும் தனிமையும் அசதியும்தான் கடைக்கு இழுக்கும் நான்கு கயிறுகள் என்று மெம்பர்கள் சொல்வார்கள், அவற்றில் பசியைத்தான் உடனே தீர்க்க முடியும். நாலு இட்லி போதும்.

முதல் மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பிரசுரத்தின் பின்னால் எழுதிய மூன்று நம்பரில் ஒன்றை அப்போதே கூப்பிடுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் "சும்மாதாண்ணே கூப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்தச் சும்மா என்னவென்று தெரியும். பத்து மணி வரை பேசுவார்.